சலவை இயந்திரம் கெட்டால் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா: அறிகுறி வழியே முடிவெடுக்கும் முறை

சலவை இயந்திரம் நின்றுபோன அன்று வீட்டில் முதலில் எழும் கேள்வி "சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எந்த உறுப்பு போயிருக்கிறது?" என்பது. அது தெரியாமல் தொகையை மட்டும் கேட்டு முடிவெடுத்தால், இருநூறு வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) முடிய வேண்டிய வேலைக்குப் பயந்து நல்ல இயந்திரத்தை வீசிவிடுவோம். அல்லது ஆயுள் முடிந்த இயந்திரத்தில் ஐந்நூறு வெள்ளியைக் கொட்டிவிட்டு ஆறு மாதத்தில் மறுபடியும் ஆள் தேடுவோம்.

உறுப்புகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். தண்ணீரை உள்ளே விடும் வால்வு, வெளியேற்றும் பம்பு, கதவுப் பூட்டு, பெல்ட், கபாசிட்டர், தொட்டியைத் தாங்கும் கம்பிகள் ஆகியவை ஓரத்து உறுப்புகள்; கழற்றி மாட்டுவது எளிது, விலையும் தாங்கும். டிரம் எனப்படும் துணி சுழலும் உருளையின் பேரிங் (அது தடையின்றிச் சுழல உதவும் இரும்பு வளையம்), அந்த உருளையின் முதுகில் இருக்கும் மூன்று கால் தாங்கி, மேல்திறப்பு இயந்திரத்தின் கியர்ப் பெட்டி, வெளித்தொட்டி ஆகியவை நடு உறுப்புகள்; இவற்றைத் தொட வேண்டுமானால் இயந்திரத்தையே பிரித்துப் போட வேண்டும். ஓரம் போனால் பழுது பார்க்கலாம். நடு போனால் முதலில் இயந்திரத்தின் வயதைப் பார்க்க வேண்டும். போர்டு என்று நாம் சொல்லும் மின்சுற்றுப் பலகை மட்டும் இந்த இரண்டிலும் அடங்காது.

எதையும் திறப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. கபாசிட்டர் உள்ள இயந்திரங்களில் அதன் பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளில் கை வைக்காதீர்கள். பின்புறம் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் மாடல் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பது அந்த எண்ணைக் கொண்டுதான் தெரியும்.

விளக்கே எரியவில்லை

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் எரியாவிட்டால், அதே சுவர் இணைப்பில் ஒரு மின்விசிறியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்தது பிளக். மலேசியாவில் நாம் பயன்படுத்தும் மூன்று முனைப் பிளக்கின் உள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. சலவை இயந்திரத்தில் அது பெரும்பாலும் 13 ஆம்பியர். கடையில் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும் அந்தச் சிறு குழலை மாற்றியதும் உயிர் பெற்ற இயந்திரங்கள் ஏராளம். பிளக்கின் முனை பழுப்பேறியோ உருகியோ இருந்தால் சுவர் இணைப்பும் சேர்ந்தே கெட்டிருக்கும். அதை மாற்றுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

இவை சரியாக இருந்து, முந்தைய மாலை இடி மின்னலோடு மழை கொட்டியிருந்தால் போர்டைச் சந்தேகிக்கலாம். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஆனால் நம் வீடுகளில் மின்னலுக்கு இணையாகப் போர்டைக் கெடுப்பவை பல்லியும் எறும்பும்தான். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பைத் தேடி அவை வருகின்றன. எலி ஒயரைக் கடிப்பது தரைவீடுகளின் பின்கட்டில் சாதாரணம்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்திறப்பு இயந்திரம் ஒருநாள் இப்படித்தான் அணைந்தது. பார்க்க வந்தவர் மேல்மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிருச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டு வருகைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். மனம் கேட்காமல் வேறொருவரை அழைத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தபோது, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது. கருகிய ஒயர் முனையையும் ஃபியூஸையும் மாற்றினார், அவ்வளவுதான். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்க்காமல் போர்டு என்று சொல்பவரின் பேச்சை அன்றிலிருந்து நான் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

போர்டே போயிருந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த மாடலுக்குப் போர்டு இன்னும் வருகிறதா என்பது. கிடைக்காவிட்டால், மின்னணுப் பாகங்களைச் சோதித்து மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணுப் பாகக் கடைகளுக்குப் பெயர்போன இடம். ஆனால் பல போர்டுகள் ஈரம் படாமலிருக்கப் பிசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும். அவற்றில் ஒற்றைப் பாகத்தை மாற்றுவது பெரும்பாலும் நடவாது, முழுப் போர்டையும்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: போர்டு ஏன் போனது? மின்னலால் போயிருந்தால் புதுப் போர்டு பல ஆண்டுகள் ஓடும். மேலிருந்து சொட்டும் தண்ணீரோ, கடற்காற்றில் துருப்பிடித்த உடலோ காரணமாக இருந்தால், அந்தக் காரணத்தை நீக்காதவரை புதுப் போர்டும் அதே வழியில்தான் போகும்.

ஓடும்போது வீட்டு மின்சாரமே துண்டிக்கப்படுகிறது

ஆர்.சி.சி.பி. எனும் கசிவு மின்தடுப்பான் (பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றே பலரும் சொல்கிறோம்) விழுந்தால், மின்சாரம் போகக்கூடாத இடத்திற்குப் போகிறது என்று பொருள். அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிச் சோதிக்காதீர்கள். குளிர்ந்த நீரில் துவைக்கும்போது ஒழுங்காக ஓடி, சுடுநீர்த் தேர்வில் மட்டும் விழுந்தால், பெரும்பாலும் சூடேற்றும் கம்பியில்தான் கசிவு. முன்திறப்பு இயந்திரங்களில் மாற்றுவதற்கு எளிதான, விலை குறைந்த பாகம் அது. தண்ணீர் வடியத் தொடங்கும் நொடியில் விழுந்தால் பம்பு. பிழியும்போது விழுந்தால் மோட்டாரில் ஈரமோ, உரசித் தேய்ந்த ஒயரோ. எந்த நேரத்தில் விழுந்தது என்பதைக் குறித்து வைத்துச் சொன்னால் பழுது பார்ப்பவரின் வேலை பாதியாகக் குறையும்.

தண்ணீர் வரவில்லை, அல்லது நிற்காமல் வருகிறது

திரையில் தோன்றும் குறியீடு இங்கே உதவும். தண்ணீர் வராததற்கு எல்.ஜி. இயந்திரம் ஐ.இ. என்றும், பானசோனிக் யூ14 என்றும், தோஷிபா இ5 என்றும் காட்டும். குறியீட்டைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. வால்வின் வாயில் இருக்கும் சிறு வலை அடைத்திருப்பதே அடிக்கடி நேர்வது. தண்ணீர் விநியோகத் தடை முடிந்து குழாயில் கலங்கல் நீர் வந்த மறுநாள் இந்தப் பழுது அடுக்குமாடி முழுவதும் ஒன்றுபோல வரும். குழாயை மூடிவிட்டு, இயந்திரத்தின் பின்னால் மாட்டியுள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, அந்த வலையை மெல்ல இழுத்தெடுத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் அழுத்தத்தைப் பாருங்கள். கூரைக்கு மேலிருக்கும் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் 3 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.3 பார் அழுத்தம் மட்டுமே. பல முன்திறப்பு இயந்திரங்களுக்கு அது போதாது. இந்த நிலையில் இயந்திரத்தை மாற்றினாலும் அதே குறியீடுதான் வரும். மாற்ற வேண்டியது குழாய் இணைப்பை.

தண்ணீர் நிற்காமல் வந்தால் ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். மின்சாரம் இல்லாமலும் தண்ணீர் உள்ளே இறங்கினால் வால்வுதான் குற்றவாளி, மாற்றிவிடலாம். மின்சாரம் இல்லாதபோது நின்றால், நீர்மட்டத்தை அளக்கும் உணரியையோ அதற்குப் போகும் மெல்லிய காற்றுக்குழலையோ பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு: பம்பு வைத்த இயந்திரத்தில் வடிகுழாயின் முனை தரையோடு கிடந்தாலோ, சுவர்க் குழாய்க்குள் ஆழமாகச் செருகப்பட்டிருந்தாலோ, உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், தொட்டி நிறையவே நிறையாது. குழாயைக் கையேட்டில் சொன்ன உயரத்தில் கட்டினால் பழுது தீர்ந்தது.

தண்ணீர் வடியவில்லை

முன்திறப்பு இயந்திரத்தின் முன்புறம் கீழ்மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும். அதன் கீழே ஒரு தட்டை வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தால், தண்ணீரோடு சேர்ந்து வீட்டின் வரலாறே வெளியே வரும்: இருபது சென் நாணயங்கள், சேலைக்குக் குத்திய ஊக்கு, தலைமுடிக் கவ்வி, பள்ளிச் சட்டைப் பையில் இருந்த ரப்பர் துண்டு. வடிகட்டியைக் கழுவிய பிறகு, உள்ளே கைவிளக்கை அடித்துப் பம்பின் சிறு விசிறி தடையின்றித் திரும்புகிறதா என்று ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். திரும்பியும் வடியாமல், பம்பு உறுமும் ஒலி மட்டும் வந்தாலோ, ஒலியே வராமல் போனாலோ பம்பை மாற்ற வேண்டும். எட்டு வயதான இயந்திரமாக இருந்தாலும் பம்பு மாற்றத் தயங்க வேண்டாம்.

மேல்திறப்பு இயந்திரங்கள் பலவற்றில் பம்பே கிடையாது. ஒரு வால்வு திறந்தவுடன் தண்ணீர் தானாக இறங்கிவிடும். இவற்றின் வடிகுழாய் தரைமட்டத்தில் கிடந்தால்தான் வடியும். குளியலறைப் படியைத் தாண்டிக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, இயந்திரம் கெட்டுவிட்டது என்று ஆளை அழைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிழியும்போது ஆடுகிறது, நடக்கிறது

ஒரே ஒரு கனமான சேலை, அல்லது நான்கு முழ வேட்டியோடு சுருண்ட குளியல் துண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கினாலே இயந்திரம் ஆடும்; யூ.இ., யூ13, இ3 போன்ற குறியீடுகளைக் காட்டி நிற்கும். துணியைப் பிரித்துப் பரப்பி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தாங்கியின் மேல் இயந்திரத்தை ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்ய வசதி என்று வாங்கும் அந்தத் தாங்கிதான் பாதி ஆட்டத்திற்குக் காரணம்.

தரை சமமாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், மேல்திறப்பு இயந்திரத்தின் காலித் தொட்டியை ஒரு மூலையில் அழுத்திச் சட்டென்று விடுங்கள். மேலே எழுந்து ஓரிரு அசைவில் நிற்க வேண்டும். தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தால் தாங்கு கம்பிகள் தளர்ந்துவிட்டன. நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் தொட்டி சாய்ந்தே நிற்கும். முன்திறப்பில் இதே வேலையைச் செய்வது அடியில் உள்ள அதிர்வுதாங்கிகள்; அவையும் ஓரத்து உறுப்புகளே.

மாவரைக்கும் கல் ஓடுவதுபோல் சத்தம்

பழுது பார்ப்பதா புதிது வாங்குவதா என்ற கேள்வி உண்மையில் கடினமாவது இந்த அறிகுறியில்தான். துவைக்கும்போது லேசாகக் கேட்கும் கரகரப்பு, பிழியும் வேகம் ஏற ஏறப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் இரைச்சலாக மாறினால், பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல டிரம் ஓசையின்றிச் சுழலும், தேய்ந்தது மணலை அரைப்பதுபோல் ஒலிக்கும். அடுத்து டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங்கின் இயல்பான அசைவு. டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது, அல்லது அதன் பின்னாலுள்ள மூன்று கால் தாங்கி உடைந்திருக்கிறது. முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்க்கும்போது தொட்டியின் நடுவிலிருந்து பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை: பேரிங்கைக் காக்கும் ரப்பர் வளையம் முதலில் கசிந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, இரும்பு துருப்பிடித்திருக்கிறது.

அந்த மூன்று கால் தாங்கி பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. துருப்பிடிக்காத எஃகு டிரம்மோடு ஒட்டியபடி, சலவைத்தூளின் கரைசலில் ஆண்டுக்கணக்கில் நனைந்துகொண்டிருப்பதால் அது அரித்துப்போகும். தேவைக்கு மேல் சலவைத்தூளும் துணி மென்மையாக்கியும் போடுவதன் விலை துணியில் தெரிவதைவிட இந்தத் தாங்கியில்தான் அதிகம் தெரிகிறது.

பேரிங் என்னும் வளையத்தின் விலை குறைவு, கூலிதான் பெரிது. இயந்திரத்தை முழுவதும் பிரித்து, கான்கிரீட் எடைகளைக் கழற்றி, வெளித்தொட்டியை வெளியே எடுத்து இரண்டாகப் பிளக்க வேண்டும். சில மாடல்களில் அந்தத் தொட்டி இரண்டு பாதிகளாகத் திருகப்படாமல் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அப்போது தொட்டியை டிரம்மோடு மொத்தமாக வாங்குவதே வழக்கமான வழி. ஆகவே விலை கேட்கும்போதே "தொட்டி திருகியதா, ஒட்டியதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் அந்த மாடலை முன்பே பிரித்தவராக இருப்பார்.

கணக்கை இப்படிப் போடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்ட இயந்திரம் பத்தாண்டு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதான இயந்திரத்தில் பேரிங் மாற்ற 550 வெள்ளி கேட்கிறார்கள், அதே அளவில் புதியது 1,600 வெள்ளி என்றால், மிச்சமிருக்கும் மூன்று ஆண்டுகளுக்குப் பழுதுச் செலவு ஆண்டுக்கு 183 வெள்ளி. புதியதற்கு ஆண்டுக்கு 160 வெள்ளி. இங்கே புதிது வாங்குவதே சரி. அதே இயந்திரம் நான்கு வயதாக இருந்தால் மீதம் ஆறு ஆண்டுகள், செலவு ஆண்டுக்கு 92 வெள்ளி. மறுபேச்சின்றிப் பழுது பார்க்கலாம். ஏழு வயதில் பம்புக்கு 180 வெள்ளி ஆகிறது என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளிதான். புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்காதே என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே உள்ள 550 வெள்ளி பாதியைத் தொடவே இல்லை, ஆனாலும் ஏழு வயதில் அது வீண். வயதைச் சேர்க்காத கணக்கு ஏமாற்றிவிடும் என்பதற்காகவே இதை விரித்துச் சொன்னேன்.

உறுமுகிறது, சுற்றவில்லை

மேல்திறப்பு இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றால் கபாசிட்டரை முதலில் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதோடு முடியும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட். கார்பன் துண்டுகள் உரசி ஓடும் மோட்டாராக இருந்தால் அந்தத் துண்டுகள் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றினால் போதும். துவைக்கிறது ஆனால் பிழியவில்லை என்றால், மூடி அல்லது கதவின் பூட்டைச் சோதித்த பிறகே கியர்ப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். கியர்ப் பெட்டிதான் என்று உறுதியானால் மேலே சொன்ன பேரிங் கணக்கு இதற்கும் பொருந்தும்.

மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று முகப்பில் ஒட்டியிருக்கும் தாளை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் அதன் சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது மோட்டார் என்னும் பாகத்துக்கு மட்டுமே. கூலி, போர்டு, பேரிங் எதுவும் அதில் சேராது. கெடுபவை அதிகமும் மற்றவைதான்.

கசிவும் நாற்றமும்

தண்ணீர் ஏறும்போது கசிந்தால் ரப்பர்க் குழாயின் வளையம், துவைக்கும்போது முன்னால் கசிந்தால் கதவு ரப்பர், வடியும்போது கசிந்தால் பம்போ அதன் குழாயோ. எல்லாமே ஓரத்து வேலை. வெளித்தொட்டியில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். கருப்புப் பூஞ்சையும் நாற்றமும் பழுதே அல்ல. நம் ஊர் ஈரக்காற்றில் கதவை மூடி வைப்பதால் வருவது. டிரம்மைச் சுடுநீரில் ஒருமுறை காலியாக ஓட்டி, கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, எப்போதும் கதவைச் சற்றுத் திறந்தே வைத்திருந்தால் போதும்.

பழுது பார்ப்பவரிடம் பேசும்போது

வருகைக் கட்டணம், பாகத்தின் விலை, கூலி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தை உங்களிடம் விட்டுச்செல்லச் சொல்லுங்கள். ரசீதில் உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்குங்கள். வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே பெரிய பழுது வந்து, கடைக்காரர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆலோசனை கைகொடுக்கும்.

பாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னால் அதையும் கணக்கில் சேருங்கள். காசு போட்டுத் துவைக்கும் டோபி கடையில் துவைத்துக் காயவைக்க ஒரு தடவைக்கு 10 வெள்ளி ஆனால், நான்கைந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வாரத்தில் அறுபது, எழுபது வெள்ளி போய்விடும்.

புதிது என்று முடிவானால்

தண்ணீர் மிச்சமாகும் என்ற பேச்சைக் கேட்டு ஓடும் இயந்திரத்தை மாற்ற வேண்டாம். ஒரு சலவைக்கு 40 லிட்டர் மிச்சம், வாரத்திற்கு ஐந்து சலவை என்றால்கூட ஆண்டுக்குப் பத்துக் கன மீட்டர் அளவுதான். நம் தண்ணீர்க் கட்டணத்தில் அது பெரிய தொகையே அல்ல. வேறு காரணத்தால் வாங்கத்தான் வேண்டும் என்றால், சிரிம் எனும் மலேசியத் தரச்சான்று நிறுவனத்தின் முத்திரையையும், மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரத் தாளையும் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டு வடிகால் துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பம்பு இல்லாத மேல்திறப்பு இயந்திரத்தை உயரமான துளை உள்ள வீட்டில் வைக்க முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பின்கட்டுக் கதவின் அகலத்தையும் அளக்க வேண்டும். பழையதை எடுத்துச் செல்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்திறப்பு இயந்திரம் வந்து இறங்கியதும், முதுகில் டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அவற்றோடு ஓட்டினால் முதல் நாளே இயந்திரம் சமையலறை முழுவதும் நடக்கும், டிரம்மின் தாங்கிகளும் அடிபடும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, கையேட்டோடு சேர்த்து வைத்திருங்கள். வீடு மாறும்போது அவற்றைத் திரும்ப மாட்டித்தான் இயந்திரத்தை லாரியில் ஏற்ற வேண்டும்.